பத்தொன்பது கட்டு வைக்கோல்

ஆக்னஸ் பயப்படாத பொருள் என்று இந்த உலகத்தில் ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. இடிக்குப் பயம், நாய்க்குப் பயம், காக்கிச் சட்டைக்குப் பயம், பூசை முடிந்ததும் ஆள் ஆளாகக் கூப்பிட்டுப் பேசும் பங்குச்சாமியாருக்குப் பயம். அவளைக் கட்டிக்கொண்ட ஆசீர்வாதம் விருத்தாசலம் ஜங்ஷன் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். தன் பெண்டாட்டி தபால்காரரைக் கண்டாலே முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள் என்று ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். தபால்காரர் நிஜமாகவே ஒரு கவரைக் கொண்டுவந்து நீட்டிய நாளில், சிரித்த அந்த வாயில் ஈரம் இல்லாமல் போனது.

அவள் வேலை பார்த்தது செராமிக் பேட்டையில், பாலகிருஷ்ணனின் பட்டறையில். வீட்டுச் சுவரில் மாட்டுகிற வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டைகள் அங்கே சூளையில் வேகும். வெந்து ஆறியதைத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதைத் தள்ளி, நல்லதை மரப்பெட்டியில் வைக்கோல் வைத்து அடுக்கி, லாரியில் ஏற்றி, ரசீது எழுதிக் கையெழுத்துப் போடுகிற வரைக்கும் ஆக்னஸின் பொறுப்பு. பத்தாவது பாஸ். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பதினோரு வருஷத்தில் அவள் அடுக்கிய பெட்டியிலிருந்து உடைந்த கட்டை வந்தது என்று எந்த வியாபாரியும் புகார் சொன்னதில்லை. பயந்தவள் அடுக்கினால் அப்படித்தான் இருக்கும்.

ரசீதில் அவள் வைக்கோலையும் எழுதுவாள். பேட்டையில் வேறு எந்தப் பட்டறையிலும் அந்தப் பழக்கம் கிடையாது. பெட்டிக்கு அடியிலும் இடுக்கிலும் கட்டுக்கட்டாகச் செருகுகிற வைக்கோலை எவன் எழுதுவான்? ஆனால் நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு செக்போஸ்ட்டில் எடை போட்டபோது ரசீதில் உள்ளதைவிட இருநூறு கிலோ கூடுதலாக இருந்தது. அந்த இருநூறும் வைக்கோல். டிரைவரை ஒருநாள் முழுக்க வெயிலில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஆக்னஸ், பெட்டி இத்தனை என்று எழுதிய கையோடு அடுத்த வரியில் வைக்கோல் இத்தனை கட்டு என்றும் எழுதிவிடுவாள். ஒளிக்காமல் எழுதிவிட்டால் ஒரு பயலும் கேட்க மாட்டான் என்பது அவள் எண்ணம். பாவம், நல்ல எண்ணம்தான்.

இரண்டாயிரத்து மூன்றில் மழை ஏமாற்றியது. வெள்ளாறு வெறும் மணலாகக் கிடந்தது. பெண்ணாடம் பக்கம் கரும்பு நின்ற இடத்திலேயே காய்ந்தது. வைக்கோல் கிடைக்காமல் ஜனங்கள் மாட்டை வந்த விலைக்குத் தள்ளினார்கள். அப்போதுதான் ஓர் உத்தரவு வந்தது. அத்தியாவசியப் பொருட்களுக்கென்று டெல்லியில் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் பேரில், மாட்டுத் தீவனம் எதுவும் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது என்றார்கள். ஆக்னஸும் அதைப் பேப்பரில் பார்த்தாள். மாட்டுச் சமாசாரம் என்று புரட்டிவிட்டாள். அவள் வீட்டில் மாடா இருக்கிறது?

அந்த வாரம்தான் தங்கராசு கேரளாவுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனான். பெட்டி நூற்று நாற்பது, வைக்கோல் பத்தொன்பது கட்டு. எல்லையில் ரசீதை வாங்கிப் படித்தவர் இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். பீங்கானை மேலே வைத்துத் தீவனம் கடத்துகிறாயா என்று தங்கராசுவைக் கீழே இறக்கினார்கள். மற்ற பட்டறைகளின் லாரி நாலும் அதே வைக்கோலை வைத்துக்கொண்டு முன்னும் பின்னுமாகப் போய்ச் சேர்ந்தன. எழுதியது இவள் ஒருத்திதான்.

லாரியும் பெட்டியும் வைக்கோலும் முடக்கப்பட்டன. தங்கராசுவை இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். மூன்றாம் வாரம் வந்ததுதான் அந்தக் கவர். சரக்கை ஏன் பறிமுதல் செய்யக்கூடாது, அனுப்பியவர் மேல் ஏன் வழக்குப் போடக்கூடாது என்று நேரில் வந்து சொல்ல வேண்டும். அனுப்பியவர் என்ற இடத்தில் ஆ. ஆக்னஸ் என்று இருந்தது.

ஆசீர்வாதம் அந்தக் காகிதத்தை ஸ்டாண்டுக்கு எடுத்துக்கொண்டு போனான். ஆட்டோ ஸ்டாண்டில் இல்லாத சட்டம் எந்தக் கோர்ட்டில் இருக்கிறது? ஏழு வருஷம் வரைக்கும் உள்ளே போடலாமாம், ஜாமீனே கிடையாதாம் என்று ஒருத்தன் சொன்னான். இன்னொருத்தன் அதற்கு மேலும் சொன்னான். அதையெல்லாம் மடித்து எடுத்துவந்து ஆசீர்வாதம் வீட்டில் கொட்டினான். ஆக்னஸ் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். மகள் ஆன் மேரி அப்போது ஆறாவது. ஏழு வருஷம் கழித்து வந்தால் பள்ளிக்கூடம் முடித்திருப்பாள். தலை பின்னிவிட யார் இருப்பார்கள் என்று யோசித்தவள், எழுந்துபோய்ச் சீப்பை எடுத்துவந்து மகளுக்கு அன்று இரண்டாவது தடவையாகப் பின்னிவிட்டாள்.

மறுநாள் காகிதத்தை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனாள். பாலகிருஷ்ணன் கெட்டவர் இல்லை. ஆனால் தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரிந்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார்.

"கையெழுத்து உன்னுதுதானே ஆக்னஸு. நான் அன்னிக்கு ஸ்ரீமுஷ்ணத்துல இருந்தேன்."

ரசீது எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னதே நீங்கள்தானே என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. வந்திருந்தால் அவள் ஆக்னஸ் இல்லை. ஆனால் நூற்று நாற்பது பெட்டி அங்கே மாட்டிக்கொண்டிருந்ததால் வக்கீலை அவரே பிடித்தார். பூர்ணிமா என்று விருத்தாசலம் கோர்ட்டில் புதிதாக வாதாடுகிற பெண். முப்பது வயது கூட இருக்காது. படபடவென்று பேசுவாள், அதைவிட வேகமாக நடப்பாள்.

பூர்ணிமா ரசீதைப் படித்துவிட்டு முதல் காரியமாகச் சிரித்தாள். சிரிக்கிற வக்கீலைப் பார்த்ததும் ஆக்னஸுக்கு இன்னும் பயமாகிவிட்டது. பிறகு அவள் நிதானமாகச் சொன்னாள். இந்த நாட்டில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குச் சரக்குத் தடையில்லாமல் போகலாம் என்பதுதான் அரசியல் சாசனத்தில் எழுதியிருப்பது. ஜனங்களின் நன்மைக்காக டெல்லி அதற்கு வேலி போடலாம். ஆனால் சட்டத்தில் பெயர் சொன்ன பொருளுக்கு மட்டும்தான் அந்த வேலி. பெயரில் இருப்பது மாட்டுத் தீவனம். பீங்கான் உடையாமல் இருக்கச் செருகியது தீவனமா? மாடு தின்னும் என்கிற ஒரே காரணத்துக்காக அதைப் பிடிக்கலாம் என்றால், மாடு சினிமா போஸ்டரைத் தின்கிறது, சாப்பிட்ட இலையைத் தின்கிறது, கொடியில் காயும் வேட்டியைக்கூடத் தின்கிறது. அப்புறம் எல்லையில் எதைத்தான் விடுவார்கள்? அதிகாரம் என்றால் அதற்கு ஒரு முடிவு வேண்டாமா?

ஆக்னஸ் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், இதைச் சொன்னால் அவர்கள் கேட்பார்களா என்று.

"கேக்க வைக்கறது என் வேலைங்க," என்றாள் பூர்ணிமா. "உங்க வேலை ஒண்ணுதான். அங்க வாயைத் தொறக்கக் கூடாது. எது நடந்தாலும் சரி. ஒரு வார்த்தை தப்பா வந்துச்சுன்னா நேரா கேசாயிடும்."

வாயைத் திறக்காமல் இருப்பது ஆக்னஸுக்குக் கைவந்த கலை. அவள் வக்கீலிடமே ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தாள்.

அதற்கு முந்தைய வருஷத்துச் சமாசாரம் அது. இரண்டு வீடு தள்ளி அம்புஜவல்லி என்று ஒருத்தி. இரண்டு கறவை மாட்டை வைத்துத் தெருவுக்குப் பால் ஊற்றிப் பிழைக்கிறவள். பட்டறையில் ஏதாவது வைக்கோல் மிச்சம் கிடந்தால் கொடு ஆக்னஸு என்று கேட்டாள். அப்போதே வைக்கோலுக்குப் பஞ்சம். புது வைக்கோலாகவே வாங்கக் கட்டுப்படியாகாமல், வியாபாரிகளிடமிருந்து காலிப் பெட்டியோடு திரும்பிவரும் பழைய வைக்கோலையே புதிதோடு கலந்து பட்டறையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு கட்டை ஆக்னஸ் கொண்டுபோய்க் கொடுத்தாள். உபகாரம்தான். அந்தப் பழைய வைக்கோலில் உடைந்த பீங்கான் சில்லு இருக்கும் என்பது அவளுக்கு மறுநாள்தான் உறைத்தது. அதற்குள் மாடு தின்றுவிட்டது. நாலு நாள் அசைபோடாமல் நின்று ஐந்தாம் நாள் விழுந்தது. ஆணி எதையாவது முழுங்கியிருக்கும் என்று அம்புஜவல்லி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஆக்னஸும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். சொல்லவில்லை. பயம்.

வழக்கு வந்த பிறகு அந்தப் பழசும் சேர்ந்துகொண்டது. பிடிபட்ட வைக்கோலிலும் அதே சில்லு இருக்கிறது என்று வாயைத் திறந்தால் அம்புஜவல்லியின் மாட்டைக் கொன்றதும் வெளியே வரும். அதற்கும் தனியாகப் பிடித்துப் போடுவார்களோ என்னவோ. ஒரு கேஸுக்கு ஏழு வருஷம் என்றால் இரண்டு கேஸுக்கு எத்தனை? மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு, ஜெபமாலையை உருட்ட உருட்ட எந்த மணியில் இருக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்து போயிற்று.

விசாரணை எல்லை மாவட்டத்தின் வருவாய் அதிகாரி முன்னால். பூர்ணிமா, பாலகிருஷ்ணன், ஆக்னஸ் மூன்று பேரும் சேலம் வழியாகப் பஸ் மாறிப் போனார்கள். ஆசீர்வாதம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து, நான் பாத்துக்கறேன் போயிட்டு வா என்று சொல்லிவிட்டுக் குரல் உடைந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தெம்பாவது மிஞ்சியிருக்கும். வழியெல்லாம் அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அதிகாரி வயதானவர், மூக்கு நுனியில் கண்ணாடி. பூர்ணிமா சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் ஆக்னஸைக் கொன்றது. சத்தம் போடுகிற ஆளிடம் அழலாம், காலில் விழலாம். இவரிடம் என்ன செய்வது? அவர் சொன்னார், வாதம் நன்றாக இருக்கிறது, ஆனால் இந்த வருஷம் ஒரு பிடி வைக்கோலுக்கு என்ன மதிப்பு என்பது வக்கீலம்மாவுக்குத் தெரியாது. பெட்டிக்குள் செருகியதைப் பற்றி அவருக்குப் பிரச்சினை இல்லையாம். தனியாகக் கட்டுக்கட்டாக ரசீதில் எழுதி அனுப்பியதைத்தான் சரக்கா, தீவனமா என்று பார்க்க வேண்டுமாம். எழுதிய கையை ஆக்னஸ் மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

பிடித்த வைக்கோல் அந்த ஆபீஸ் வளாகத்திலேயே ஒரு தகரக் கொட்டகையில் கிடந்தது. எல்லாரும் அங்கே போனார்கள். கொட்டகைக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் ஒரு சிவப்புப் பசு கட்டியிருந்தது. வாட்ச்மேன் கருப்பனுடையது. விலா எலும்பை எண்ணிவிடலாம். அதிகாரி வைக்கோலைப் பார்த்தார், பசுவைப் பார்த்தார். கருப்பா, ஒரு கட்டைப் பிரித்து அதன் முன்னால் போடு, தீவனமா இல்லையா என்று அதுவே சொல்லட்டும் என்றார்.

பூர்ணிமா ஆட்சேபம் சொன்னாள். பட்டினி கிடக்கிற மாட்டின் வாய்க்குள் சட்டத்தின் எல்லையைத் தேடக் கூடாது, போஸ்டரைப் போட்டாலும் அது தின்னும் என்றாள். ஆட்சேபத்தைக் குறித்துக்கொள்கிறேன், நீ போடு கருப்பா என்றார் அவர்.

கருப்பனுக்கு வாயெல்லாம் பல். எத்தனையோ நாளாக அந்தக் கொட்டகையைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவன். ஒரு கட்டை இழுத்துப் பிரித்து உதறிப் போட்டான். பசு நாக்கை நீட்டிச் சுருட்டி ஒரு வாய் இழுத்தது.

பாலகிருஷ்ணன் பெருமூச்சு விட்டார். பூர்ணிமா உதட்டைக் கடித்தாள். மாடு தின்றுவிட்டது, கேஸ் தோற்றது, ஏழு வருஷம் என்று ஆக்னஸுக்குக் காது அடைத்தது. அந்த அடைத்த காதிலும் அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. நறுக்கென்று ஒரு கடி. பதினோரு வருஷம் பீங்கானைத் தட்டித் தட்டிப் பார்த்த காது அது. அம்புஜவல்லியின் மாடு நின்ற நிற்பு அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல்.

வாயைத் திறக்கக் கூடாது. எது நடந்தாலும். ஆக்னஸ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு மூச்சு நேரம்தான் நின்றிருப்பாள். பசு இரண்டாவது வாய்க்கு நாக்கை நீட்டியது.

அவள் ஓடினாள். நாயைக் கண்டால் நாலு தெரு சுற்றிப் போகிறவள், முன்பின் தெரியாத மாட்டின் மூக்கணாங்கயிற்றை இடது கையால் பிடித்து இழுத்து, வலது கையைக் கடைவாய் வரைக்கும் விட்டாள். கருப்பன் ஏய் ஏய் என்று கத்திக்கொண்டு வந்தான். மாடு தலையை உதறியது. அவள் விடவில்லை. ஈரத்தோடு ஒரு கவளம் வைக்கோலைப் பிடுங்கி எடுத்தாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம் முழங்கை வரைக்கும் வழிந்தது. வைக்கோலுக்கு நடுவில் நகத்தளவு வெள்ளைச் சில்லு ஒன்று இருந்தது.

"இதத் தின்னா செத்துப் போயிடும் சார்," என்றாள். "எனக்குத் தெரியும் சார். எங்க தெருவுல ஒண்ணு செத்துச்சு. நாந்தான் குடுத்தேன். இது மாட்டுக்கு இல்ல சார், சத்தியமா மாட்டுக்கு இல்ல."

கருப்பன் தன் மாட்டின் வாயைப் பிளந்து விரலால் துழாவிக்கொண்டிருந்தான். அதிகாரி அந்தச் சில்லை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மற்ற கட்டுகளையும் பிரித்து உதறச் சொன்னார். சிமெண்டுத் தரையில் சில்லுகள் சிலீர் சிலீரென்று விழுந்தன. பதினொன்றாவது கட்டோடு போதும் என்று கையைக் காட்டிவிட்டார். அதற்குள் பூர்ணிமா தன் கைக்குட்டையால் ஆக்னஸின் கையைக் கட்டிவிட்டிருந்தாள்.

உத்தரவு அன்று மத்தியானமே எழுதப்பட்டது. பூர்ணிமா அதை வாங்கி வராந்தாவிலேயே உரக்கப் படித்துக் காட்டினாள். மாடு தின்னும் என்பதால் மட்டும் ஒரு பொருள் தீவனம் ஆகிவிடாது. சட்டம் பெயர் சொல்லாத பொருளை எல்லையில் நிறுத்த இந்த உத்தரவுக்கு அதிகாரம் இல்லை. சரக்கை விட்டுவிட வேண்டும், அனுப்பியவர் மேல் நடவடிக்கை தேவையில்லை. அந்த இரண்டு வரியும் தன் வாதத்திலிருந்து எடுத்தது என்று பூர்ணிமாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சில்லு கலந்த வைக்கோலை யாரும் தீவனமாக அனுப்ப மாட்டார்கள் என்றும் கீழே ஒரு வரி இருந்தது. அதை அவள் மெதுவாகப் படித்தாள்.

பாலகிருஷ்ணன் இனிமேல் ரசீதில் வைக்கோலை எழுதித் தொலைக்காதே என்றார். ஆக்னஸ் சரி என்று தலையாட்டினாள். (எழுதாமல் விடவில்லை. பிற்பாடு பக்கத்தில் "தீவனம் அல்ல" என்றும் சேர்த்து எழுத ஆரம்பித்தாள்.) பஸ்ஸில் வரும்போது எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். அவள் தூங்கவில்லை. ஜெயில் போய்விட்டது, பயம் போகவில்லை. அங்கே அத்தனை பேர் முன்னால் சொன்னதை முதலாளி கேட்டிருக்கிறார். முதலாளி கேட்டது நாளைக்குப் பேட்டைக்குத் தெரியும், நாளன்றைக்குத் தெருவுக்குத் தெரியும். அதற்கு முன்னால் தெரிய வேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள்.

விருத்தாசலத்தில் இறங்கியதும் ஆசீர்வாதம் ஆட்டோவோடு நின்றிருந்தான். வூட்டுக்குப் போவலாம் என்றான். அவள் அம்புஜவல்லி வீட்டு முன்னால் நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டாள்.

அம்புஜவல்லி மிச்சமிருந்த ஒற்றை மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். ஆக்னஸ் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கட்டைக் கொடுத்தது, மறுநாள் தெரிந்தது, சொல்லாமல் இருந்தது, அங்கே மாட்டின் வாயில் கையை விட்டது.

அம்புஜவல்லி கையைத் தவிட்டுத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்துவிட்டுத் தவிட்டை ஒரு சுற்றுக் கலக்கினாள்.

"அந்த மாடு?"

"நல்லா இருக்குதுக்கா."

"என் மாடு நாலு நாளு நின்னுச்சு ஆக்னஸு," என்றாள் அம்புஜவல்லி. குரலை உயர்த்தவில்லை. "நீ தெனம் வந்து பாத்துட்டுப் போன. மொத நாளு சொல்லியிருந்தா டாக்டரு வயித்தக் கீறி எடுத்திருப்பாரு."

ஆக்னஸுக்கு அது தெரியாதா? அந்த நாலு நாளும் சொல்ல வந்து சொல்லாமலே திரும்பியவள் அவள். பயமா இருந்துச்சுக்கா என்று சொல்ல வாயெடுத்தாள். அது எவ்வளவு கேவலமான பதில் என்று அப்போதுதான் தெரிந்தது. சொல்லாமல் நின்றாள். ஓடவும் இல்லை.

அம்புஜவல்லி தவிட்டுச் சட்டியை மாட்டின் முன்னால் நகர்த்தி வைத்தாள். அது குடிக்கும்வரை அதன் நெற்றியைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்திருந்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"கையில கட்டு ரத்தத்துல நனைஞ்சிருக்குது. தொட்டியில தண்ணி இருக்குது, கழுவிட்டுப் போ."